ஜன்னல் எந்தப் பக்கம்?

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. கராத்தே கூடத்தின் சுவர் நீலம் என்று நான் சொல்வேன். பச்சை என்பாள் நத்தை. அன்றைக்குப் பெரியவர்கள் பதினோரு பேரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று நான் சொல்வேன்.

"மூணு பேர்தான்டி சிரிச்சாங்க. உனக்குக் கோபம் வந்தா எண்ண வராது" என்பாள் அவள்.

இருக்கலாம். சுவரின் நிறம் மறந்திருக்கலாம், தலைக்கணக்கு தப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கோபம் மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கொஞ்சம்கூட ஆறவில்லை.

நத்தை என் தோழி. எதையும் அரை நொடி தாமதமாகச் செய்வாள். கூப்பிட்டால் அரை நொடி கழித்துத் திரும்புவாள். யாராவது ஜோக் சொன்னால் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு சிரிப்பாள். அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டதும் அவள்தான். என்னை எல்லோரும் பட்டாசு என்பார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஏழு வயதில் நாங்கள் இருவரும் சிறுவர் கராத்தே வகுப்பில் சேர்ந்தோம். செவ்வாயும் சனியும் மாலை நாலரை மணிக்கு வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் நர்ஸ் அக்கா. சரியாக ஐந்தரைக்கு வகுப்பை முடித்துவிட்டு, ஆஸ்பத்திரி வேலைக்கு ஓடுவார். கராத்தே உடைக்கு மேலேயே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெள்ளை பெல்ட்டில் தொடங்கினோம். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டினோம். பன்னிரண்டு வயதில் பிரவுன் பெல்ட் வந்தது. சிறுவர் பெல்ட் என்பதால் அதன் நடுவில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். எனக்கு அந்தக் கோட்டைக் கண்டாலே ஆகாது. 'இது முழு பிரவுன் இல்லை' என்று அது ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

பதின்மூன்று வயது ஆனால் பெரியவர்கள் வகுப்புக்குப் போகலாம். அதே கூடம்தான், ஆனால் ஆறு மணி வகுப்பு. அங்கே கோடில்லாத பெல்ட் கட்டலாம். அதற்காக நான் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே ஒரு வருடத்தை ஓட்டினேன்.

கடைசி நாள் நர்ஸ் அக்கா எங்களைக் கட்டிக்கொண்டார். பிறகு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"மாஸ்டர் ஒரு விஷயம் சொல்வார். கோபப்படாதே."

"நான் எதுக்குக் கோபப்படப்போறேன்?" என்றேன், அப்போதே கோபமாக.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குப் போனோம். மாஸ்டர் பகலில் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். எவ்வளவு கழுவினாலும் அவர் நகத்தில் மை இருக்கும். வார்த்தைகளை எண்ணிப் பேசுவார். எங்களைப் பார்த்ததும் அலமாரியிலிருந்து இரண்டு பெல்ட் எடுத்து நீட்டினார்.

"இது என்ன மாஸ்டர்?"

"பெல்ட்."

"வெள்ளையா இருக்கே."

"வெள்ளை பெல்ட் வெள்ளையாத்தான் இருக்கும்."

"நாங்க பிரவுன் பெல்ட் மாஸ்டர்!"

"தெரியும்."

"ஆறு வருஷம் படிச்சிருக்கோம்!"

"அதுவும் தெரியும்."

அவர் அந்த அலமாரிக் கதவின் உள்பக்கம் மாட்டியிருந்த ஒரு பலகையைக் காட்டினார். அதில் இப்படி எழுதியிருந்தது: 'சிறுவர் வகுப்பு பெல்ட் இங்கே செல்லாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.'

நான் அதை இரண்டு முறை படித்தேன்.

"ஏன்னு போடலையே?" என்றேன்.

நத்தை என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். நான் பெல்ட்டை வாங்கிக் கட்டினேன். அது பெரியவர்களுக்கான அளவு. இடுப்பை இரண்டு சுற்று சுற்றியும் நுனி இரண்டும் முழங்காலுக்குக் கீழே தொங்கின. நடந்தால் இரண்டு வால் முளைத்ததுபோல் ஆடின.

கராத்தே வகுப்பில் வரிசையில் யார் எங்கே நிற்பது என்பதற்கு ஒழுங்கு உண்டு. ஜன்னல் ஓரத்தில் உயர்ந்த பெல்ட். அங்கிருந்து படிப்படியாக இறங்கி, கதவு ஓரத்தில் வெள்ளை. ஒரே நிறம் என்றால், யார் முதலில் சேர்ந்தாரோ அவர் முன்னால். எங்களுக்கு ஒன்பது நாள் முன்னால் பேக்கரிக்காரர் ஒருவர் சேர்ந்திருந்தார். ஆகவே எனக்கு மேலே அவர். அவருக்கு அடுத்து நான். கடைசியில் நத்தை.

பேக்கரிக்காரரின் காது மடலில் மாவு ஒட்டியிருந்தது. அவர் பெல்ட்டை ஷூ லேஸ் கட்டுவதுபோல் பூப்போட்டுக் கட்டியிருந்தார்.

"பாப்பா, இது சரியா இருக்கா?" என்று கிசுகிசுத்தார்.

"நான் பாப்பா இல்லை. எனக்குப் பதிமூணு வயசு."

"மன்னிச்சுக்கம்மா. இது சரியா இருக்கா?"

சரியாக இல்லை. ஆனால் எனக்கிருந்த எரிச்சலில் "ம்" என்று மட்டும் சொன்னேன். ஒன்பது நாள்! பெல்ட் கட்டத் தெரியாத ஆள் எனக்கு மேலே!

மாஸ்டர் முன்னால் வந்து நின்றார். "முதல் கட்டா" என்றார்.

கட்டா என்றால், எதிரில் ஆள் இல்லாமலே தனியாகச் செய்யும் பயிற்சி. இந்தப் பக்கம் திரும்பித் தடு, ஒரு எட்டு வைத்துக் குத்து, அந்தப் பக்கம் திரும்பு என்று வரிசையாக இருபது அசைவுகள் வரும். முதல் கட்டாவை நாங்கள் ஆயிரம் முறையாவது செய்திருப்போம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வோம்.

'இப்போ பாருங்க' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். 'ஒரு நிமிஷம் போதும். வெள்ளை பெல்ட் கொடுத்ததுக்கு எல்லாரும் வெட்கப்படப்போறீங்க.'

"தொடங்கு!"

நான் மின்னல்போல் திரும்பினேன். என் மூக்குக்கு நேரே பேக்கரிக்காரரின் மூக்கு இருந்தது.

அவர் விழித்தார். நானும் விழித்தேன். கூடத்தில் எல்லோரும் இடதுபக்கம், கதவைப் பார்த்து நின்றார்கள். நான் மட்டும் வலதுபக்கம், ஜன்னலைப் பார்த்து நின்றேன். உறைந்துபோனேன்.

நத்தையும் என்னைப்போலவே தப்பாகத் திரும்பியிருந்தாள். ஆனால் அவள் நிற்கவில்லை. ஒன்றைத் தொடங்கினால் முடிக்கும்வரை நிறுத்துவது அவள் வழக்கம் இல்லை. எல்லோரும் முன்சுவர்க் கண்ணாடியைப் பார்த்து முன்னேறியபோது, அவள் மட்டும் பின்சுவரைப் பார்த்து மூன்று எட்டு வைத்தாள். பின்சுவரில் செருப்பு அலமாரி இருந்தது. மூன்றாவது குத்து அலமாரியில் விழுந்தது. பெரியவர்களின் செருப்பும் ஷூவும் பொலபொலவென்று அவள் காலடியில் கொட்டின.

அப்போதுதான் சிரித்தார்கள். பதினோரு பேரோ, மூன்று பேரோ.

மாஸ்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "ஏன் அந்தப் பக்கம் திரும்பினே?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முகம் சுட்டது.

"இவ திரும்பினா மாஸ்டர். கண்ணாடியில பார்த்துட்டு நானும் திரும்பிட்டேன்" என்று நத்தையைக் காட்டினேன்.

நத்தை என்னைப் பார்த்தாள். வழக்கமான அரை நொடி கழிந்தது. அதற்கு மேலும் கொஞ்சம் கழிந்தது. பிறகு அவள் குனிந்து, ஜோடி ஜோடியாகச் செருப்புகளை எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.

மாஸ்டர் மற்றவர்களிடம் திரும்பினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"இதுவரைக்கும் சிறுவர் வகுப்பிலேருந்து ஒன்பது பேர் வந்தாங்க. ஒன்பது பேருக்கும் இடது வலது தெரியலை. அதுக்குத்தான் அந்தப் பலகை."

வீட்டுக்கு வந்து கத்தினேன். என் அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். நாள் முழுக்கக் குழந்தைகளின் கூச்சலுக்கு நடுவே இருந்து பழகியவர். என் கூச்சலெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"கத்திக்கிட்டே சாப்பிடாதே, புரை ஏறும்."

"அநியாயம்மா! ஆறு வருஷம்! எனக்கு இடது வலது தெரியாதாம்!"

"தப்பாத் திரும்பினியா, இல்லையா?"

"அது நத்தையால. அவ முதல்ல திரும்பினா."

அம்மா தட்டைக் கழுவுவதை நிறுத்தினார்.

"யாரு? நத்தையா? அவ முதல்லயா?"

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. தட்டைக் கழுவினார், துடைத்தார், கவிழ்த்து வைத்தார். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்த மௌனத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

சனிக்கிழமை நத்தை வரவில்லை. நான் மட்டும் போனேன். 'இடது, இடது, இடது' என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். "தொடங்கு!" என்று குரல் வந்ததும் என் கால் தன் பாட்டுக்கு ஜன்னல் பக்கம் திரும்பியது. பேக்கரிக்காரர் தன் மூக்கைக் கையால் மறைத்துக்கொண்டார்.

மாஸ்டர் இந்தமுறை ஏன் என்றுகூடக் கேட்காமல் அடுத்த அசைவுக்குப் போனார். அது முன்னதைவிட மோசமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் சமையலறையில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். என் தம்பிக்கு ஏழு வயது. சிறுவர் வகுப்பில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மறுவாரம் அவனுக்கு மஞ்சள் பெல்ட் சோதனை. மேலே கராத்தே சட்டை, கீழே தூங்கும்போது போடும் கால்சட்டை. அந்தக் கோலத்தில் நடுவில் வந்து நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"அக்கா, எந்த ஜன்னல்?"

"என்னடா எந்த ஜன்னல்?"

"முதல்ல ஜன்னல் பக்கம் திரும்பணும்ல? இங்க ரெண்டு ஜன்னல் இருக்கே."

"இடதுபக்கம் திரும்புடா."

"இடதுன்னா?"

"இடது தெரியாதா? ஜன்னல் பக்கம்..."

என் வாய் அப்படியே நின்றது.

நர்ஸ் அக்காவின் வகுப்பு கண்முன் வந்தது. ஆறேழு வயதுக் குழந்தைகளிடம் இடது, வலது என்று கத்திப் பயனில்லை. பாதிப்பேர் அந்தப் பக்கம் போவார்கள், பாதிப்பேர் இந்தப் பக்கம் போவார்கள், ஒருவன் உட்கார்ந்துவிடுவான். அதனால் அக்கா, "ஜன்னல்! கதவு! செருப்பு! கண்ணாடி!" என்றுதான் கத்துவார். ஜன்னல் என்றால் ஜன்னலைப் பார்த்துத் திரும்ப வேண்டும். செருப்பு என்றால் செருப்பு அலமாரியை நோக்கி முன்னேற வேண்டும். ஒருவரும் தப்புப் பண்ணுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. பெரியவர்கள் முன்சுவர்க் கண்ணாடியைப் பார்த்து நிற்பார்கள். குழந்தைகளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினால் என்ன நடக்கும்? நாக்கை நீட்டுவார்கள், மூக்கை நசுக்குவார்கள், விழுந்த பல்லைத் தேடுவார்கள். அதனால் அக்கா எங்களைத் திருப்பி, செருப்பு அலமாரியைப் பார்க்கும்படி நிறுத்துவார்.

செருப்பு அலமாரியைப் பார்த்து நின்றால் ஜன்னல் இடதுபக்கம். கண்ணாடியைப் பார்த்து நின்றால் ஜன்னல் வலதுபக்கம்.

என் தலைக்கு இடது வலது தெரியும். என் காலுக்கு ஜன்னல்தான் தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும்!

இது ஏன் யாருக்கும் தெரியாமல் போனது? மாஸ்டர் அச்சகத்திலிருந்து வருவது ஐந்தே முக்காலுக்கு. அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடுவது ஐந்தரைக்கு. அவர் வகுப்பை இவர் பார்த்ததே இல்லை. இவர் வகுப்பை அவர் பார்த்ததே இல்லை. எப்போதாவது படிக்கட்டில் பார்த்து, "சாவி?" "ஆணியில இருக்கு" என்று பேசிக்கொள்வதோடு சரி.

எனக்கு முன்னால் போன ஒன்பது பேரையும் நினைத்தேன். அதில் எங்களுக்கெல்லாம் முதலில் பெல்ட் கட்டச் சொல்லிக்கொடுத்த ஒரு அண்ணனும் இருந்தான். எவ்வளவு நன்றாகச் செய்வான்! மேலே போன ஒரே மாதத்தில் விட்டுவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு வரலைப்பா" என்றான். அவனுக்கா வரவில்லை?

கோபம் உச்சந்தலைவரை ஏறியது. எழுந்து கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் இன்னொரு நினைவு வந்து உட்கார வைத்துவிட்டது. அவர்கள் ஒன்பது பேரையும் காரணம் தெரியாமல் குற்றம் சொன்னவர் மாஸ்டர். நத்தையைத் தெரிந்தே குற்றம் சொன்னது நான்.

"அக்கா, எந்த ஜன்னல்னு சொல்லவே இல்லையே" என்றான் தம்பி.

அவன் கையைப் பிடித்து, சமையல் மேடையைப் பார்த்து நிறுத்தினேன். இடப்பக்கம் இருந்த ஜன்னலைக் காட்டினேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நத்தை வீட்டுக்கு ஓடினேன்.

நத்தையின் அம்மா தையற்காரர். முன்னறை முழுக்கத் துணி. தையல் இயந்திரத்துக்குப் பின்னால் அவர் வாயில் ஐந்தாறு குண்டூசிகளைக் கவ்வியபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் "ம்ம்ம்" என்று தலையாட்டினார். நத்தை தரையில் உட்கார்ந்து ஒரு பாவாடையின் பழைய தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு துணி மூட்டை. அது வெள்ளை பெல்ட்டால் கட்டப்பட்டிருந்தது.

"ஏன் வரலை?" என்றேன்.

"வரலை."

இயந்திரம் கடகடவென்று ஓடி நின்றது. மறுபடி ஓடியது. நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"நான்தான் முதல்ல திரும்பினேன்" என்றேன்.

"தெரியும்."

"தெரியுமா?"

"உன் முதுகு என் மூஞ்சிக்கு முன்னாடி இருந்துச்சே."

"அப்ப ஏன் அங்கேயே சொல்லலை?"

நத்தை ஒரு நூலை இழுத்து எடுத்தாள். அதை விரலில் சுற்றினாள்.

"நீ சொல்வேன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். அஞ்சு நாளா."

அவள் திட்டவில்லை. ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "தப்புதான்டி" என்றேன். அதற்கு மேல் நன்றாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

"சரி, மூக்கைத் துடை. துணியில படப்போகுது" என்றாள் நத்தை.

துடைத்துக்கொண்டு ஜன்னல் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா வாயிலிருந்த குண்டூசிகளை எல்லாம் எடுத்து வைத்தார்.

"அடக் கொடுமையே! அப்ப இவ ரெண்டு நாளா ராத்திரி சாப்பிடாம, தனக்கு மூளை இல்லைன்னு உட்கார்ந்திருந்தது ஒரு ஜன்னலுக்காகவா? வா, நானே வந்து அந்த மாஸ்டரைக் கேட்கிறேன்."

"வேண்டாம்மா" என்றாள் நத்தை.

"நான் போய்க் கேட்கிறேன். இப்பவே, அச்சகத்துக்கே போய்..." என்று நான் எழுந்தேன்.

"நீயும் வேண்டாம். இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை, அச்சகம் பூட்டியிருக்கும்." நத்தை யோசித்தாள். அவள் யோசிக்கும்போது இடையில் பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருப்பது பெரும்பாடாக இருந்தது. "சொன்னா, சாக்கு சொல்றோம்னு நினைப்பார். செஞ்சு காட்டணும்."

மூட்டையை அவிழ்த்து, பெல்ட்டை உருவினாள்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணி. மாஸ்டர் முன்னால் வந்து நிற்பதற்குள் நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

"மாஸ்டர், போன வாரம் முதல்ல தப்பாத் திரும்பினது நான். இவ மேல பழி போட்டுட்டேன். இதை எல்லார் முன்னாலயும் சொல்லணும்."

மாஸ்டர் தலையசைத்தார். "சரி. உன் இடத்துக்குப் போ."

நான் போகவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு. நாங்க ரெண்டு பேரும் செருப்பு அலமாரியைப் பார்த்து முதல் கட்டா செய்யணும்."

"வகுப்பு கண்ணாடியைப் பார்த்துதான் நடக்கும்."

"வகுப்பு நடக்கட்டும் மாஸ்டர். நாங்க மட்டும் திரும்பிக்கிறோம். ஒரே ஒரு தடவை."

"எதுக்கு?"

"ஆறு வருஷத்துக்கு" என்றேன். "பலகையில ஏன்னு போடலை. நீங்களும் எங்களை ஏன்னு கேட்கலை. ஒன்பது பேர் ஒரே மாதிரி தப்புப் பண்ணினா, ஒன்பது பேருமா முட்டாள்?"

யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. 'போச்சு' என்று நினைத்தேன். கதவைக் காட்டி, போ என்று சொல்லப்போகிறார்.

"பார்த்துடலாமே மாஸ்டர்" என்றார் பேக்கரிக்காரர். "ஒரு நிமிஷ வேலைதானே. என் மூக்குக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

மாஸ்டர் அவரைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். ஓர் அடி பின்னால் நகர்ந்து இடம் விட்டார்.

நாங்கள் கூடத்தின் நடுவில், செருப்பு அலமாரியைப் பார்த்து நின்றோம். நத்தை என் பக்கத்தில் மூச்சை மெதுவாக விட்டாள்.

"தொடங்கு."

என் கால் ஜன்னலைத் தேடியது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. தடுப்பு, குத்து. கதவு. தடுப்பு, குத்து. செருப்பை நோக்கி மூன்று எட்டு. சட்டைக் கை காற்றில் சுளீரென்று அடித்தது. எனக்கு அரை நொடி பின்னால் நத்தையின் சட்டையும் சுளீரென்றது. சுளீர், சுளீர். இருபதாவது அசைவு முடிந்தபோது, எந்தத் தரைப்பலகையில் தொடங்கினோமோ அதே தரைப்பலகையில் இருவர் காலும் வந்து நின்றன.

யாரும் கைதட்டவில்லை. கராத்தே வகுப்பில் தட்டக்கூடாது. ஆனால் பேக்கரிக்காரருக்கு அது தெரியாது. அவர் தட்டிவிட்டார்.

நான் ஜன்னல் கதையைச் சொன்னேன். மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், "பிரவுன் பெல்ட் வரைக்கும் வந்தவங்க, எந்தப் பக்கம் பார்த்து நின்னாலும் செய்யணும்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நத்தை பேசினாள். அவள் அந்தக் கூடத்தில் மாஸ்டரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"அப்ப எல்லாரும் ஒருதடவை இந்தப் பக்கம் திரும்பிச் செய்யலாமா, மாஸ்டர்?"

மாஸ்டரின் புருவம் உயர்ந்தது. மறுக்க முடியாது. அவர் சொன்ன வார்த்தைதானே அது! "எல்லாரும் திரும்புங்க" என்றார்.

பதினோரு பேரும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, செருப்பு அலமாரியைப் பார்த்து நின்றார்கள்.

"தொடங்கு!"

ஆறு பேர் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். நாலு பேர் கதவுப் பக்கம் திரும்பினார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் தபால்காரர். அவர் பிரவுன் பெல்ட், கோடில்லாத பிரவுன். அவர் நெற்றியும் பக்கத்தில் நின்ற பல் டாக்டரம்மாவின் நெற்றியும் டங்கென்று மோதிக்கொண்டன. பேக்கரிக்காரர் எந்தப் பக்கமும் திரும்பாமல், "கண்ணாடி இல்லாம நான் யாரைப் பார்த்து அடிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

நான் சிரித்தேன். சிரிக்கக்கூடாதுதான். அரை நொடி கழித்து நத்தையும் சிரித்தாள். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டே டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வகுப்பு நேரத்தில் அவர் உட்கார்ந்து யாருமே பார்த்ததில்லை.

"ஒன்பது பேர்" என்றார் மெதுவாக. எங்களிடம் சொன்னதுபோல் இல்லை. மை படிந்த தன் நகங்களைப் பார்த்துக்கொண்டு இன்னொருமுறை சொன்னார். "ஒன்பது."

நான் என் பெல்ட்டின் இரண்டு வாலையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் அச்சகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு நாலரை மணி வகுப்புக்கு வந்தார். அக்கா பதறிப்போனார். "அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, "நானும்தான் கேட்கலை" என்று முடித்தார். இருவரும் படிக்கட்டில் நின்று வெகுநேரம் பேசினார்கள். அன்றைக்கு அக்கா ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனார்.

எங்கள் கால்களைப் பழக்க ஒரு மாதம் ஆனது. அதன் பிறகு மாஸ்டர் எங்களுக்குச் சோதனை வைத்தார். கண்ணாடியைப் பார்த்து ஒருமுறை, அலமாரியைப் பார்த்து ஒருமுறை, ஜன்னலைப் பார்த்தே ஒருமுறை. முடிவில் இரண்டு பச்சை பெல்ட்டுகளை நீட்டினார்.

"பிரவுன் இல்லையா?" என்றேன்.

"கால் இன்னும் கொஞ்சம் தேடுது."

"எனக்கா?"

"உனக்குத்தான். அவளுக்கு இல்லை. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்தே இருக்கணும்னு அவ சொல்லிட்டா."

நான் நத்தையைப் பார்த்தேன். அவள் மும்முரமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நியாயமாகப் பார்த்தால் நீலமாவது கொடுத்திருக்க வேண்டும் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

இனி அவரவர் என்ன ஆனார்கள் என்று சொல்லிவிடுகிறேன். தம்பி மஞ்சள் பெல்ட் வாங்கிய மறுமாதமே கராத்தேயை விட்டுவிட்டு நீச்சலுக்குப் போய்விட்டான். பேக்கரிக்காரர் ஐந்து வருடத்தில் பிரவுன் வரை வந்தார், பிறகு முழங்கால் வலியால் நிறுத்திக்கொண்டார். நர்ஸ் அக்கா இப்போது தலைமை நர்ஸ். நத்தை கருப்பு பெல்ட் வாங்கி, நாலரை மணி வகுப்பை எடுத்து நடத்துகிறாள். நான் அவளுக்கு ஏழு மாதம் கழித்து வாங்கினேன். மாஸ்டர் அந்தப் பலகையைத் தானே கழற்றினார். பிறகு, விட்டுப்போன ஒன்பது பேரின் வீட்டுக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக நடந்துபோய், தப்பு யாருடையது என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.